மீட்டருக்குள்ள அடங்குமா நாத்தம்?

ஏங்கண்ணு, சாணிக்குக்கூட இப்பெல்லாம் பிளான் அப்ரூவல் வேணுமாமா? கேட்டதுல இருந்து எனக்குச் சிரிப்புத் தாங்கல. எங்க காலத்துல மாடு அதுபாட்டுக்குப் போட்டுது. நாங்க எங்கபாட்டுக்கு அள்ளினோம். எந்த ஆபீசுலயும் முத்திரை குத்தல.

இரு, கோவிச்சுக்காத. நீ படிச்ச புள்ளை. "அப்பாரு, இது சாணி இல்ல, அனரோபிக் டைஜெஷன் பிளாண்ட்டு"ன்னு சொல்லுவ. சொல்லு, சொல்லு. பேரு நீளமா இருந்தா நாத்தம் கொறைஞ்சா போயிரும்? காத்துப் படாம மூடி வெச்சா சாணியும் எச்சிச் சோறும் புளிச்சு, அதுல இருந்து கேஸ் வரும். அவ்வளவுதான் சமாச்சாரம். 1897-லயே பம்பாய் மாட்டுங்காவுல, தொழுநோயாளிக தங்கியிருந்த இல்லத்துல, கழிவுல இருந்து கேஸ் புடிச்சிருக்கறாங்க. அறுபதுகள்ல கதர் கமிஷன்காரங்க சாணி கேஸை ஊரூராக் கொண்டாந்தாங்க. எண்பதுகள்ல மத்திய சர்க்காரு தேசியத் திட்டம்னு பேரு வெச்சு மானியம் குடுத்துது. நம்ம தோட்டத்துலயும் அப்பத்தான் ஒண்ணு கட்டினோம். வட்டமா ஒரு குழி, மேல கவுத்தின இரும்பு டிரம்மு. கேஸ் சேந்தா டிரம்மு ஒசரும், அடுப்பு எரிஞ்சா எறங்கும். உன்ற அப்பத்தா விடியால எந்திரிச்சதும் சாமியக் கும்பிடறதுக்கு முந்தி டிரம்மத்தான் பாப்பா.

அன்னிக்கும் விதி இருந்துது கண்ணு. ஒன்றிய ஆபீசுல இருந்து வந்தவரு கையில ஒரு சின்னப் புஸ்தகம். அதுல என்ன போட்டிருந்துது தெரியுமா? குழி அடுப்படிக்குக் கிட்ட இருக்கோணும். கட்டுத்தரைக்கும் கிட்ட இருக்கோணும். நல்லா வெயில் படோணும். குடிதண்ணிக் கெணத்துல இருந்து மட்டும் பத்துப் பதினஞ்சு மீட்டராவது தள்ளி இருக்கோணும். பாத்துக்க. ஊட்டுக்குக் கிட்ட வெய்யின்னு அன்னிக்கு விதி. ஊட்டுக்கு எட்ட வெய்யின்னு இன்னிக்கு விதி. நடுவால என்ன ஆச்சு? சாணி மாறிப் போச்சா, மூக்கு மாறிப் போச்சா?

நீ ஒதட்டப் பிதுக்கறது தெரியுது. "அது நாலு மாட்டுச் சாணி, இது நகரத்துக் குப்பை"ங்கற. அதுல ஞாயம் இருக்குது, இல்லைங்கல. 25 கிலோ சாணிக்கு ஒரு கன மீட்டரு கேஸ் கணக்கு. நம்முளது ரண்டு கன மீட்டரு. தெனம் 50 கிலோ சாணியும் அதே அளவு தண்ணியும் கரைச்சு ஊத்தோணும். மாசத்துக்கு ரண்டு சிலிண்டருக்குக் கொஞ்சம் கொறையா வந்துட்டிருந்துது. இந்தூர்ல 2022 பிப்ரவரியில பிரதமரு தொறந்து வெச்சாரே, அது நாளைக்கு 550 டன் குப்பை தின்னற ஆலை. 17,000 கிலோ கேஸ் கெடைக்கும்னு கட்டினது. நகர பஸ்ஸே அதுல ஓடுது. அம்பது கிலோவுக்கும் ஐநூத்தம்பது டன்னுக்கும் ஒரே விதி போட முடியாது. ஒத்துக்கறேன். ஆனா எதை அளந்து விதி போட்டாங்கன்னு பாத்தாத்தான் எனக்குச் சிரிப்பு வருது.

2016-ல மத்திய சர்க்காரு திடக்கழிவு மேலாண்மை விதின்னு ஒண்ணு கொண்டாந்துது. 5,000 சதுர மீட்டருக்கு மேல எடம் இருக்கற காம்பவுண்டுக் குடியிருப்பெல்லாம், மக்கற குப்பையை முடிஞ்ச வரைக்கும் உள்ளாரயே உரமாவோ கேஸாவோ ஆக்கிக்கோணும்னு அதுல சொன்னாங்க. அதே விதியில, நாளைக்கு 5 டன்னுக்கு மேல போட்டு ஓட்டற ஆலைன்னா, சுத்தியும் கட்டடமே எழுப்பாத ஒரு பட்டை உடோணும்னாங்க. அந்தப் பட்டையும் ஆலைக்கு ஒதுக்கின எடத்துக்குள்ளாரயே வரோணுமாம். கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். 4 டன் 900 கிலோ போட்டா மூக்கு தூங்கிட்டு இருக்குமா? இன்னொரு நூத்திச் சொச்சம் கிலோ ஏத்தினதும்தான் முழிச்சுக்குமா? நம்ம ஆளுகளைப் பத்தித் தெரியாதா? எல்லை அஞ்சு டன்னுன்னா, பலகையில 4.9 டன்னுன்னு எழுதி ஆலை நிக்கும்.

குப்பையைப் பொதைக்கற எடத்துக்கு அதே விதியில வேற கணக்குப் போட்டாங்க. ஆத்துக்கு 100 மீட்டரு, கொளத்துக்கு 200, குடியிருப்புக்கு 200, விமானம் எறங்கற எடத்துக்கு 20 கிலோமீட்டரு. குப்பை இருந்தாப் பருந்து வரும், பருந்து எஞ்சின்ல மோதும், அதுக்கோசரம் அத்தனை தூரம். ஞாயமான விதி, குத்தம் சொல்லல. மனுசனுக்கு மட்டும் 200 மீட்டரு. நம்ம எஞ்சின் எது மோதினாலும் ஓடும்னு நெனைச்சுட்டாங்க போல.

சீமையிலயும் இதே கதைதான். இங்கிலாந்துல ஒரு குடியானவன் மாட்டுக் கொட்டாயோ சாணிக் கரைசல் தொட்டியோ அடுத்தவன் ஊட்டுக்கு 400 மீட்டருக்குள்ள கட்டினான்னா, வெவசாயிக்குன்னு குடுத்த பொது அனுமதி அங்க செல்லாது. முழு மனுப் போட்டு, அக்கம்பக்கத்துக்காரங்க ஆட்சேபணையெல்லாம் கேட்டு, அப்பறமேலுதான் கட்டோணும். இங்க 200, அங்க 400. எல்லாரும் காம்பசை எடுத்து மேப்புல ஒரு வட்டம் போட்டுட்டு நிம்மதியாத் தூங்கப் போயிடறாங்க.

காத்து வட்டமா அடிச்சு நீ எங்கயாவது பாத்திருக்கறயா?

நம்ம கொங்கு நாட்டுக்குப் பாலக்காட்டுக் கணவாய்தான் காத்து வர்ற வாசப்படி. வைகாசி கழிஞ்சா மேகாத்து வாங்கு வாங்குன்னு வாங்கும். ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க? அந்த நாலு மாசம், ஆலைக்குக் கெழக்க இருக்கறவன் 800 மீட்டருல இருந்தாலும் மூக்கைப் பொத்துவான். மேக்க 100 மீட்டருல இருக்கறவன் திண்ணையில காத்தாட உக்காந்து ராகிக்களி திம்பான். ஐப்பசிக்கு மேல காத்துத் திரும்பிக்கும். அப்ப இவன் பொத்துவான், அவன் திம்பான். மார்கழி விடியக்காலம் காத்தே இருக்காது. பனி எறங்கறப்ப நாத்தமும் கூடவே எறங்கித் தரையோட படுத்துக்கும். கோலம் போட வர்ற பொம்பளைக்குத்தான் அது தெரியும். எந்த மேப்புல இதெல்லாம் இருக்குது? களத்துல சோளம் தூத்தின கெழவியைக் கூப்புட்டுக் கேட்டா ஒரு வெத்தலை போடற நேரத்துல சொல்லிருவா. அவளைத்தான் யாரும் கூப்புடறதில்ல.

கூப்புடறதெல்லாம் யாரை? போன வருசம் பக்கத்து ஊர்ல ஒரு கூட்டம். ஆலை வரப்போகுதுன்னு கருத்துக் கேட்டாங்க. நானும் பொழுது போகாமப் போய் உக்காந்தேன். டவுன்ல இருந்து ஒரு ஆலோசகரு வந்திருந்தாரு. திரையில படம் போட்டாரு. பச்சைப் புல்லு, நடுவால வெள்ளையா ரண்டு தொட்டி, மேல ஒரு பட்டாம்பூச்சி. "சுத்தமா நாத்தமே வராது"ன்னாரு. நான் கையத் தூக்கி, "ஏனுங், படத்துல லாரியவே காணோமுங், குப்பை பறந்தா வருமுங்?"னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. பதில் மட்டும் வரல.

அதுக்காக எதிர்த்தவங்களை ஒசத்தியா நெனைச்சுக்காத. முன்வரிசையில ஒருத்தரு மூக்குல துணி கட்டிக்கிட்டே உக்காந்திருந்தாரு. என்னங் சீக்கான்னு கேட்டேன். "ஆலை நாத்தம் பெருசே"ன்னாரு. ஆலைக்கு இன்னும் வானமே தோண்டல! வெறும் நோட்டீசு நாத்தத்துக்கே துணி கட்டின மனுசன் அவரு. அவரு ஊட்டுப் பொடக்காளியில சாக்கடை தேங்கி நிக்கறது எனக்குத் தெரியும். அது பழகின நாத்தம், கணக்குல வராது.

உன்ற அடுக்கு மாடிக்கு வர்றேன் இப்ப. மூஞ்சியத் திருப்பாத. கீழ வாசல்ல "பசுமைக் குடியிருப்பு"ன்னு பித்தளையில எழுதி வெச்சிருக்கறீங்க. ஞாயித்துக்கெழமை ஆனா இயற்கைக் கத்திரிக்காய் விக்கறவன்கிட்ட ஒண்ணுக்கு ரண்டாக் குடுத்து வாங்கறீங்க. அந்தக் கத்திரிக்காய் எதத் தின்னு வளந்துதுன்னு யோசிச்சிருக்கறயா? ரசமலாயா? மிஞ்சின சோறு, பாப்பாவோட டயப்பரு, ஒடைஞ்ச டியூப்லைட்டு மூணையும் ஒரே பையில முடிச்சுப் போட்டு வாசல்ல வெச்சுட்டு, "இதையெல்லாம் விஞ்ஞான முறையில அப்புறப்படுத்தோணும்"னு வாட்சப்புல எழுதற. டயப்பருல எந்தக் கிருமி கேஸ் எடுக்கும்? இந்தூர்க்காரன் ஆலை ஓடுதுன்னா, அவன் வாசப்படியிலயே பிரிச்சுக் குடுத்துடறான். ஆலையோட பாதி அவன் ஊட்டுக்குள்ளாரதான் இருக்குது.

இன்னொரு கூத்தும் உண்டு. ஆலை முந்தி வந்துதா, ஊடு முந்தி வந்துதான்னு பாக்கோணும். சென்னையில பெருங்குடிக் குப்பைமேட்டைச் சுத்தி எத்தனை அடுக்கு மாடி எந்திரிச்சுது பாரு. குப்பைமேடு நகந்து போய் அவங்க பக்கத்துல உக்காந்துக்கல. எடம் மலிவா இருக்குதுன்னு மனை போட்டவன் வித்தான். வாங்கினவன் கண்ணை மூடிக்கிட்டு வாங்கினான், குடி வந்ததும் மூக்கைத் தொறந்தான். ஆலைக்காரன் ஊட்டுக்குக் கிட்ட வரக்கூடாதுன்னு விதி போட்டாப் பத்துமா? மனை போடறவன் ஆலைக்குக் கிட்ட வரக்கூடாதுன்னும் அதே கறாரோட காவல் காக்கோணும்ல? காலிப் பட்டை உடறதே அதுக்குத்தான். கொஞ்ச வருசம் கழிச்சு அந்தப் பட்டையில கொடி நட்டு "ஏர்போர்ட்டுக்கு அரை மணி நேரம்"னு போர்டு வெக்காம இருந்தாச் சரி.

எட்டத்துக்குக் கொண்டுபோயிட்டாத் தீந்துதுன்னு நெனைக்கற. யாருக்கு எட்டம்? திருவனந்தபுரத்துக்காரங்க 2000-ல விளப்பில்சாலையில, குப்பையை உரமாக்கற ஆலை ஒண்ணு வெச்சாங்க. நகரத்துக்கு நல்ல எட்டம். விளப்பில்சாலைக்கு ரொம்பக் கிட்ட! குப்பை வந்து குமிஞ்சுது. அழுகின தண்ணி ஓடையில எறங்குச்சு. 2011 கடைசியில அந்த ஊராட்சியே கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டுருச்சு. அடுத்த வருசம் போலீசைக் கூட்டிட்டு வந்தும் பலிக்கல, சனங்க ரோட்டை மறிச்சு உக்காந்துட்டாங்க. அப்பறம் நகரத்துக்காரங்க என்ன பண்ணினாங்க? வேற வழியில்லாம அவங்கவங்க ஊட்டுலயே உரத் தொட்டியும் கேஸ் கலமும் வெச்சுப் பழகினாங்க. பத்து வருசம் கண்ணுல படாம இருந்த குப்பை நேரா அடுப்படிக்கே வந்துது. யாரும் மயக்கம் போட்டு உழுகல.

நாத்தத்தைப் பத்தி எனக்கு நீ பாடம் எடுக்காத கண்ணு. ராசிபுரம், ஆத்தூர் பக்கம் ஒறம்பறை ஊட்டுக்குப் போன காலத்துல இருந்து எனக்கு அது பழக்கம். அங்கெல்லாம் குச்சிக்கெழங்கு மில்லு. ஜவ்வரிசி என்னமோ பாயசத்துல வெள்ளை வெளேர்னு மெதக்குது. அந்தக் கெழங்கு கழுவின தண்ணியை நீ பாத்ததில்ல. முன்னெல்லாம் தொறந்த குட்டையில உட்டுருவாங்க. மாவு புளிச்சு அழுகி, பஸ்ஸுல தூங்கிட்டு வர்றவன்கூட "எறங்கற எடம் வந்துருச்சு"ன்னு எந்திரிச்சுக்குவான். கண்டக்டரு கத்தவே வேண்டியதில்ல. 200 மீட்டரு, 400 மீட்டரெல்லாம் அங்க செல்லாது. ஊருக்கு ஊரு வீசும். அப்பறம் சில மில்லுக்காரங்க அதே தண்ணியைக் காத்துப் படாத தொட்டியில உட்டு மேல மூடி போட்டாங்க. ஊரை நாறடிச்ச சமாச்சாரம் குழாய் வழியா வந்து, அதே மில்லுக்கு அடுப்பா எரிஞ்சுது, கரண்டா ஓடுச்சு. மில்லும் நகரல, ஊடும் நகரல. மூடி ஒண்ணுதான் புதுசா வந்துது. நாமக்கல் புதுச்சத்திரம் பக்கம் கோழி எருவுலயும் இதே மாதிரி கேஸ் எடுத்து வண்டிக்குப் போடற அளவுக்குக் கொண்டாந்திருக்கறாங்க. கோழிப்பண்ணைக் காத்தை மோந்தே வளந்த எங்களுக்கு அது எத்தனை பெரிய காரியம்னு தெரியும். உனக்கு முட்டை மட்டும்தான தெரியும்.

அப்ப மூடி வெச்ச தொட்டி நாறாதான்னு கேக்கற. நாறினா அது மொதலாளி காசு. கேஸ் வெளிய போச்சுன்னா அவனுக்குத்தான் நட்டம். அதுனால தொட்டியை அவன் பாத்துக்குவான். நாத்தம் வர்றது தொட்டிக்கு முன்னாலயும் பின்னாலயும். லாரியில இருந்து ரோடு பூராச் சொட்டிக்கிட்டே வர்ற தண்ணி. குப்பையைக் கொட்டிப் பொறுக்கற தளம். அந்தத் தளத்துக்குக் கொட்டாய் போட்டுக் கதவடைச்சு, உள்காத்தை உறிஞ்சி, மரச்சிராவு நெரப்பின பெட்டியில உட்டு வடிகட்டி வெளிய அனுப்பினா, நாத்தத்துல பெரும்பங்கு அங்கயே செத்துப் போயிரும். அதுக்குச் செலவாகும். செலவாகுதுன்னதும் அது பிளான்ல கோடா இருக்கும், கட்டடத்துல காணாது.

உள்ளார நடக்கறது என்னன்னு கேட்டீன்னா, மாட்டு வயிறுதான். அதே வகைக் கிருமி, அதே மாதிரி கதகதப்பு, அதே புளிப்பு. மாட்டுக்குக் கல்யாண ஊட்டுச் சோத்தைக் கொட்டிப் பாத்திருக்கறயா? ஆசை ஆசையாத் திங்கும். ராத்திரி வயிறு உப்பிக்கும். விடியால நீ டாக்டரைத் தேடி ஓடோணும். ஆலைக்கும் அதே சீக்கு வரும். நேத்து வரைக்கும் காய்கறித் தோலு போட்டுட்டு, முகூர்த்த நாள் வந்ததும் மண்டபத்துச் சோத்தையும் பாயசத்தையும் டன் கணக்குல கவுத்துனா, புளிப்பு ஏறிப்போயிரும். கேஸ் பண்ற கிருமி புளிப்புத் தாங்காது. ஆலை படுத்துரும். மறுபடியும் எந்திரிக்க வாரக் கணக்காகும்.

ஆலை படுத்துரும் கண்ணு, குப்பை படுக்குமா? லாரி மறுநாளும் வரும். அதுக்கு மறுநாளும் வரும். உள்ளார போட முடியாததை வெளிய குமிப்பாங்க. ஊரு நாறறது அன்னிக்குத்தான். நீ வெச்ச தூரம் அன்னிக்கும் அதேதான், ஒரு அடி கொறையல. தூரத்தை ஒரு நாள் வந்து டேப்பு புடிச்சு அளந்துட்டுப் போயிட்டாங்க. நாத்தத்தைத் தெனமும் யாரு அளக்கறது?

ஆலை வெக்கறவன் பாடும் லேசுப்பட்டதில்ல, அதையும் சொல்லோணும். நெலத்துக்கு டிடிசிபி, அதான் நகர் ஊரமைப்பு ஆபீசு, அனுமதி. 1974 தண்ணிச் சட்டத்துக்கும் 1981 காத்துச் சட்டத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல நிறுவறதுக்கு ஒரு இசைவு, ஓட்டறதுக்கு ஒரு இசைவு. தீயணைப்புக்கு ஒண்ணு. கேஸை அழுத்திச் சிலிண்டருல அடைக்கறதுன்னா, நாக்பூருல தலைமையிடம் இருக்கற வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புல ஒண்ணு. கட்டுக் கட்டாக் காயிதம். அத்தனையும் ஊற வெச்சுத் தொட்டியில போட்டா ரண்டு நாளைக்கு அடுப்பெரியும். எல்லாம் வேணும்தான். ஆனா "எவன் தெனமும் பக்கத்துல நின்னு அளந்து ஊத்துவான், அவனுக்கு என்ன சம்பளம்?"னு கேக்கற காயிதம் அதுல எத்தனையாவது? எங்க காலத்துல மானியத்துல கட்டின குழி எத்தனையோ இன்னிக்கு டிரம்மு துருப்புடிச்சுக் கெடக்குது. கேஸ் வராம இல்ல. தெனம் கரைச்சு ஊத்த ஆளில்லாமப் போச்சு.

சரி, அப்பாரு எல்லாத்தையும் கேலி பண்றாரு, பயப்படவே வேண்டாங்கறாருன்னு நெனைச்சுக்காத. பயப்பட வேண்டிய எடம் ஒண்ணு இருக்குது. அதுல நம்ம மூக்கே நம்மளக் காலை வாரும். கேஸுல பெரும்பங்கு மீத்தேன், அதுக்கு வாசமே கெடையாது. நாறறது கொஞ்சூண்டு இருக்கற ஹைட்ரஜன் சல்பைடு, அழுகின முட்டை வாசம். பத்து லட்சம் பங்கு காத்துல ஒரு பங்கு இருந்தாலே மூக்கு புடிச்சுக்கும். அதுவே நூறு பங்கு ஆச்சுன்னா மூக்கு மரத்துப் போயிரும். நாத்தம் நின்னுபோச்சுன்னு நம்பி நின்னவன் அங்கயே உழுவான். கழிவுத் தொட்டியில ஒருத்தன் எறங்கி, காப்பாத்தப் போனவனும் சேந்து செத்த சேதி நம்ம நாட்டுல எத்தனை கேட்டுட்டோம்? மனுசனை எறக்காதீங்கன்னு 2013-ல சட்டமே வந்துது, இன்னும் எறக்கறாங்க. ஜெர்மனியில ராடெரைஷ்டெட்டுங்கற ஊர்ல 2005-ல பயோகேஸ் ஆலைக்குள்ளார இந்தக் கேஸ் கெளம்பி நாலு பேரு போய்ச் சேந்தாங்க. 2023 அக்டோபர்ல இங்கிலாந்துல ஆக்ஸ்போர்டு பக்கம் கேசிங்டன் ஆலையில இடி உழுந்து கேஸ் தொட்டி வெடிச்சு ஆகாசமே செவந்துது. நல்ல காலம், ஆளுக்கு ஒண்ணும் ஆகல.

இப்பப் புரியுதா? வெடிக்குத் தூரம் வேணும். கேஸ் தொட்டிக்கும் ஊட்டுச் சுவத்துக்கும் நடுவால எடம் உட்டே ஆகோணும், அதுல அஞ்சு மீட்டரு கூடக் கொறைக்காதன்னு நீ சண்டை போடு, நானும் வர்றேன். இடிதாங்கி எங்க, கேஸைக் காட்டிக்குடுக்கற கருவி எங்கன்னு கேளு. நாத்தத்துக்கு வேணுங்கறது மூடியும் ஒழுங்கும். ரண்டையும் ஒரே டேப்புல அளக்கப் போறதுதான் கோமாளித்தனம்.

ஒண்ணு உட்டுப்போச்சு, யாரும் கேக்காதது அதுதான். முன்னால திங்கறதுக்கு எடம் பாத்துட்டாங்க, பின்னால போடறதுக்கு? பத்து டன் உள்ளார போச்சுன்னா அதுல கேஸாப் போறது கொஞ்சம்தான். மீதி அத்தனையும் கரைசலா வெளிய வரும். நல்ல எருதான், தழைச்சத்து அதுலயே இருக்கும், காட்டுக்கு உட்டா வெள்ளாமை தெளிஞ்சு வரும். ஆனா பெரும்பகுதி தண்ணி. ரொம்ப எட்டம் லாரியில கொண்டுபோனா டீசலுக்கே கட்டாது. அதுனால வாங்கிக்கற காடு கிட்டத்துலயே இருக்கோணும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில காட்டுக்குள்ள டிராக்டரு எறங்காது. அந்த ரண்டு மாசக் கரைசல் எங்க நிக்கும்? அதுக்குத் தொட்டி உண்டா? தொட்டிக்கு மூடி உண்டா? இல்லைன்னா நேரா ஓடைக்குத்தான் போகும், ஓடையில இருந்து உன்ற போர்வெல்லுக்கு வரும்.

அதுனால அடுத்த கூட்டத்துல "வேண்டாம், வேண்டாம்"னு கத்தி நேரத்தைப் போக்காத. கையத் தூக்கி நிதானமாக் கேளு. ஆலை படுத்த அன்னிக்கு லாரி எந்த ஊருக்குப் போகும், மழைக்காலத்துக் கரைசல் எங்க நிக்கும், தெனமும் பாத்துக்கற ஆளு யாருன்னு கேளு. வாயில சொல்ற பதிலுக்குத் தலையாட்டாத. அனுமதிக் காயிதத்துல நிபந்தனையா எழுதச் சொல்லு, மீறினா ஆலையைச் சாத்தறதுன்னும் அதுலயே எழுதச் சொல்லு. எழுதிக் குடுத்தாங்கன்னா ஊருக்குக் கிட்டயே வெச்சுக்கலாம். எழுத மாட்டேன்னாங்கன்னா பத்து மைலு தள்ளி வெக்கறேன்னு சொன்னாலும் ஒத்துக்காத. அங்கயும் ஒரு ஊரு இருக்குது.